ஈறுக்கு மேலே இரண்டு மில்லிமீட்டர்

(நாமக்கல்லில் நூலக வாசகர்கள் கூட்டமொன்றில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பார்கள். "ஏனுங்க டாக்டர், இந்தக் கேப் எத்தன வருசத்துக்கு வருமுங்க?" சிமெண்ட் அடைக்க வந்தவரும் இதையேதான் கேட்கிறார். காசு கொடுப்பவர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் சொத்தை அரித்தது போக, நாங்கள் சுரண்டி எடுத்தது போக, உங்கள் சொந்தப் பல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எந்த இடத்தில் மிச்சம் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் அந்தக் கேள்விக்கு யாராலும் விடை சொல்ல முடியாது. கேப்பின், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறையின், விலையோ, அதன் நிறமோ, எந்தக் கம்பெனியில் செய்தது என்பதோ அதற்கு அடுத்த நிலையில்தான் வரும். இன்று நான் பேசப் போவது முழுக்க இந்த ஒரு செய்தியைப் பற்றித்தான்.

முதலில் கடவாய்ப் பல் செய்கிற வேலையைப் பார்ப்போம். நல்ல திடமுள்ள ஓர் ஆண் அழுத்திக் கடித்தால் கடவாய்ப் பல்லின் மீது ஏறத்தாழ 50 முதல் 70 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். சோற்றையும் இட்லியையும் மெல்லும்போது இவ்வளவு தேவையில்லை. சில கிலோவிலேயே முடிந்துவிடும். ஆனால் சேலத்தில் சாயங்காலமானால் தெருவுக்குத் தெரு தட்டுவடை செட் விற்கிறார்களே, அந்தத் தட்டுவடையில் சரியாக வேகாத ஒரு கடலைப்பருப்பு பல்லுக்கடியில் அகப்பட்டால், முழு விசையும் அந்தப் பருப்பளவு இடத்திலேயே இறங்கிவிடும். கரும்பைக் கடித்துச் சீவும்போதும், கொட்டைப்பாக்கை உடைக்கும்போதும் நடப்பது இதுதான். ஒருமுறை இரண்டுமுறை என்றால் பரவாயில்லை. பல் அடைப்புப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகங்களில் ஐந்தாண்டு மெல்லுதலுக்குச் சமமாக 12 லட்சம் முறை இயந்திரத்தால் அழுத்திப் பார்க்கிறார்கள். ஒரு நாளில் முறியாத பொருளும் இத்தனை லட்சம் அழுத்தங்களில் களைத்துப்போய் விரிசல் விடும். பல் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். பஞ்சு போன்ற இட்லியைக் கடித்தபோது உடைந்தது என்று சிலர் வியப்போடு சொல்வதற்குக் காரணமும் இதுவே. விரிசல் பல மாதங்களுக்கு முன்பே உள்ளே ஓடத் தொடங்கியிருக்கும்.

முழுப் பல் இதையெல்லாம் தாங்குவதற்குக் காரணம் அதன் இரட்டை அமைப்பு. வெளியே இருக்கும் எனாமல் எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான், ஆனால் நொறுங்கும் தன்மை உடையது. அதன் அடியில் உள்ள டென்டினில் கனிமம் 70 சதவீத அளவுதான். மீதி கொலாஜன் நாரும் நீரும். அதனால் அது சற்றே வளைந்து கொடுக்கும். எனாமலில் புறப்பட்ட விரிசல் இரண்டும் சேரும் எல்லைக்கு வந்ததும் பெரும்பாலும் நின்றுவிடும். சொத்தை என்ன செய்கிறது என்றால், எனாமலில் ஓர் ஊசித்துளை போட்டு உள்ளே புகுந்து டென்டினைத் தின்கிறது. மேலே பார்த்தால் பல் முழுசாகத் தெரியும். அடியில் தாங்க ஆள் இல்லாத எனாமல் ஒருநாள் அப்படியே உள்ளே இடிந்து விழும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சுங்க, திடீர்னு ஓட்டை ஆயிருச்சு" என்று வருகிறவர்களின் பல்லில் அந்த ஓட்டை ஓரிரு ஆண்டுகளாகவே வளர்ந்துகொண்டிருந்திருக்கும்.

இனி ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரூட் கெனால் செய்தால் பல் செத்துவிடும், உயிரில்லாத பல் காய்ந்துபோய் உடையும் என்று ஊரில் சொல்கிறார்கள். எங்கள் துறையிலும் பல காலம் அப்படித்தான் நம்பினோம். 1989-இல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், பிடுங்கப்பட்ட சிறு கடவாய்ப் பற்களை எடுத்து, ஒவ்வொரு வேலையாகச் செய்து, ஒவ்வொரு படியிலும் பல்லின் விறைப்பு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். ரூட் கெனாலுக்காக மேலிருந்து துளைபோட்டு வேரைச் சுத்தம் செய்ததில் குறைந்தது 5 சதவீதம் மட்டும். கடிக்கும் பரப்பின் நடுவில் மட்டும் குழி வெட்டியபோது 20 சதவீதம் குறைந்தது. அந்தக் குழியை இரண்டு பக்கத்துக்கும் நீட்டி, அண்டைப் பற்களைத் தொடுகிற ஓரச் சுவர்கள் இரண்டையும் வெட்டியபோது 63 சதவீதம் போய்விட்டது. ஆக, பல்லை வலுவிழக்கச் செய்வது ரூட் கெனால் என்று சொல்வது சரியில்லை. ரூட் கெனால் தேவைப்படுகிற நிலைக்கு வந்த பல்லில் அந்த ஓரச் சுவர்களை அதற்கு முன்பே சொத்தை தின்றிருக்கிறது. பழியை மட்டும் சிகிச்சையின் மேல் போடுகிறோம்.

இந்த ஓரச் சுவர் இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பல் அடைப்பின் கதை முழுவதும் அதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

இங்கே வயதில் மூத்தவர்கள் சிலர் வாயில் "வெள்ளி அடைச்சது" இருக்கும். வெள்ளி, தகரம், செம்பு கலந்த பொடியைப் பாதரசத்தோடு குழைத்து அடைப்பது அமால்கம். 1890-களில் சிகாகோவில் ஜி.வி. பிளாக் என்ற பேராசிரியர் இதன் கலவை விகிதத்தையும் குழி வெட்டும் முறையையும் ஒழுங்குபடுத்தினார். நூறாண்டுக்கு மேல் உலகம் முழுவதும் ஏழைகளின் பல்லைக் காப்பாற்றிய பொருள் இது. அதற்குரிய மரியாதையை நாம் கொடுத்தாக வேண்டும். எச்சில் ஈரத்தில்கூட நிற்கும், அழுத்தத்தைத் தாங்கும், மலிவு. ஆனால் பல்லோடு ஒட்டாது. விழாமல் நிற்பதற்காக உள்ளே அகலமாகவும் வாயில் குறுகலாகவும் குழி வெட்ட வேண்டும். அதற்கு நல்ல பல்லையும் சேர்த்து எடுக்க வேண்டும். பெரிய குழியில் அடைத்தால், கடிக்கும்போது சுவர்களை இரண்டு பக்கமும் பிளக்கப் பார்க்கும். இருபது முப்பது ஆண்டு நின்ற வெள்ளி அடைப்பு அப்படியே கிடக்க, பக்கத்துச் சுவர் மட்டும் பிளந்து விழுந்திருப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா ஒப்பந்தம் 2013-இல் கையெழுத்தானது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் அமால்கத்தை நிறுத்திவிட்டது. நல்லபடியாக இருக்கும் பழைய அடைப்பைப் பயந்துபோய் யாரும் தோண்டி எடுக்க வேண்டாம். எடுப்பதிலும் பல் தேயும்.

அடுத்து வந்தது ஒட்டும் அடைப்பு. 1955-இல் அமெரிக்காவில் ரோச்செஸ்டரைச் சேர்ந்த பியூனகோர் என்ற பல் மருத்துவ ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். உலோகத்தின் மேல் பெயிண்ட் நன்றாகப் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவதைக் கேள்விப்பட்டு, அதே அமிலத்தைப் பல்லின் எனாமல் மேல் தடவிப் பார்த்தார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த முறை நன்றாகப் புரியும். அமிலம் பட்ட எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் விழுந்தன. அதில் பிசின் இறங்கி உறைந்து பிடித்துக்கொண்டது. 1962-இல் ரஃபேல் போவென் என்பவர் கண்ணாடித் துகள் கலந்த புதிய பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நீல விளக்குப் பிடித்து உறைய வைக்கும் பல் நிற அடைப்பு, நாங்கள் காம்போசிட் என்று சொல்வது, இந்த இருவர் வழியில் வந்தது.

இது ஒட்டுவதால் குழியை அகலமாக வெட்டத் தேவையில்லை. பலவீனமான சுவர்களை ஓரளவு பிடித்து நிறுத்தவும் செய்யும். ஆனால் இரண்டு சங்கடங்கள் உண்டு. உறையும்போது 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். பெரிய குழியில் ஒரே தடவையாகத் திணித்தால் சுருக்கம் சுவரை உள்ளே இழுக்கும், அல்லது ஓரத்தில் இடைவெளி விடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து உறைய வைக்க வேண்டும், நேரம் பிடிக்கும். மற்றொன்று ஈரம். ஒட்டும் நேரத்தில் எச்சிலோ இரத்தமோ பட்டால் ஒட்டு கெட்டுப்போகும். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்புக் கட்டி வேலை செய்யும் முறை 1864 முதலே இருக்கிறது. உங்கள் மருத்துவர் அதைக் கட்டினால் மூச்சு முட்டுகிறது என்று கழற்றச் சொல்லாதீர்கள். அந்த அசௌகரியத்தைப் பொறுத்துக்கொண்டால் அடைப்புக்கு ஆயுள் கூடும். நல்ல முறையில் செய்த அடைப்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளை 2014-இல் தொகுத்துப் பார்த்ததில், பல்லின் ஒவ்வொரு பக்கம் கூடுதலாக அடைக்கப்படும்போதும் அது தோற்கும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம் உயர்வது தெரிந்தது. ஒரு பக்கக் குழியோடு வருவதற்கும் மூன்று பக்கம் போனபின் வருவதற்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு.

இங்கே நம் ஊர்த் தண்ணீரைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. பல் ஒட்டு பற்றி எழுதிய வெளிநாட்டுப் புத்தகங்கள் நம் வாயை நினைத்து எழுதப்பட்டவை அல்ல.

ஃப்ளூரைடு மிகுந்த நீரால் பல்லும் எலும்பும் கெடுவதை இந்தியாவில் முதன்முதலில் மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னது சென்னை மாகாணத்திலிருந்துதான். கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்த ஷார்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் நெல்லூர்ப் பகுதிக் கிராமங்களைப் பார்த்து 1937-இல் எழுதினார்கள். அதே நோய் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் இன்றும் இருக்கிறது. நம் நிலத்தடியில் இருப்பது மிகப் பழைய பாறை. அதிலுள்ள சில கனிமங்களில் ஃப்ளூரைடு உண்டு. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிக் கிடக்கும் நீரில் அது கரைந்து சேரும். மழை பொய்த்துத் திறந்த கிணறுகள் வற்றியபோது, ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள்தான் நமக்குத் தண்ணீர் கொடுத்தன. இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் போய்க் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த உழைப்பாளிகளை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குடிக்கும் முன் அந்த நீரைச் சோதிக்க வேண்டியது நம் பொறுப்பு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளூரைடு வரை ஏற்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதற்கு மேல் உள்ள நீரைப் பிறந்ததிலிருந்து எட்டு வயதுக்குள் தொடர்ந்து குடிக்கும் குழந்தையின் நிலைப்பற்கள் உருவாகும்போதே கெட்டுவிடும். முளைக்கும்போதே வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையுமாக வரும். எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது.

கறையை எல்லோரும் அழகுக் குறையாக மட்டும் பார்க்கிறார்கள். பெண் பார்க்க வரும்போது சிரிக்கக் கூச்சப்படும் பெண்களை எனக்குத் தெரியும்; அந்த வருத்தம் சிறியதல்ல. ஆனால் அடைப்பு வேலை செய்கிறவனுக்கு அதற்குள் இன்னொரு பிரச்சினை இருக்கிறது. ஃப்ளூரைடு ஏறிய எனாமலின் மேல்தோல் வழக்கத்தைவிடக் கனிமம் மிகுந்து இறுகியிருக்கும். அமிலம் அதில் சரியாக வேலை செய்யாது. அதன் அடியிலோ கனிமம் குறைந்து, நுண்துளைகளோடு உளுத்திருக்கும். நோய் முற்றிய பல்லில் எனாமல் குழிகுழியாகப் பெயர்ந்து விழும். இப்படிப்பட்ட பல்லில் புத்தகத்தில் சொன்ன நேரத்துக்கு அமிலம் தடவி அடைத்தால் ஒட்டு பலவீனமாக இருக்கும். மேல்தோலை லேசாகத் தேய்த்துவிட்டு, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைத்துப் பிறகு ஒட்ட வேண்டும். கெட்ட எனாமலை நம்பி மெல்லிய சுவரை விட்டு வைக்கக் கூடாது. சேலத்தில் விநாயகா மிஷன் சங்கராச்சாரியார் பல் மருத்துவக் கல்லூரி, திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர். பல் மருத்துவக் கல்லூரி, எளையாம்பாளையத்தில் விவேகானந்தா மகளிர் பல் மருத்துவக் கல்லூரி என்று ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மூன்று கல்லூரிகள் இருக்கும் வட்டாரம் இது. கறைபடிந்த பற்களில் ஒட்டும் முறையை இந்தியாவுக்கே கற்றுக்கொடுக்கும் இடமாக நம் வட்டாரம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இங்கே இருக்கும் பல் மருத்துவ மாணவர்கள் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். உங்கள் வீட்டு போர் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். அளவு கூடுதலாக இருந்தால், குழந்தைகள் குடிப்பதற்கும் சமையலுக்கும் காவிரித் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள். துணி துவைக்கவும் மாட்டுக்கும் போர் தண்ணீர் போதும் என்று சிலர் சொல்வார்கள். மாட்டின் பல்லும் இதில் கெடும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது கேப்புக்கு வருகிறேன்.

உலக்கையின் அடியில் இரும்புப் பூண் போட்டிருப்பதை நம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். மரத்தைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பதால், எவ்வளவு குத்தினாலும் மரம் பிளக்காது. கேப் செய்கிற வேலையும் அதுவே. ஆனால் பூண் பிடிப்பதற்கு உள்ளே மரம் இருக்க வேண்டும். கேப்பின் விளிம்பு, ஈறுக்கு மேலே, சுற்றிலும் குறைந்தது ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு உங்கள் சொந்தப் பல்லைக் கவ்விப் பிடிக்க வேண்டும். நாங்கள் சிமெண்டால் கட்டி எழுப்பிய மேட்டைக் கவ்வினால் அது கணக்கில் வராது. இந்த இரண்டு மில்லிமீட்டர் சுவர் சுற்றிலும் இருக்கிற பல், சாதாரண உலோகக் கேப்போடு பல ஆண்டு உழைக்கும். அது இல்லாத பல், உலகத்திலேயே விலை உயர்ந்த கேப்பைப் போட்டாலும் ஈறோடு முறியும்.

ரிக் வண்டியில் வேலை பார்த்து வடக்கே மாதக்கணக்கில் தங்கிவிட்டு ஊர் திரும்பிய ஒருவர், தன் கேப்பைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். சிர்கோனியா கேப். ஒரு கீறல்கூட இல்லை, புத்தம்புதிதாக மின்னியது. அதற்குள்ளே அவருடைய பல் அடியோடு முறிந்து உட்கார்ந்திருந்தது. "கேப்புக்குப் பதினஞ்சு வருசம் வாரன்டி கார்டு குடுத்தாங்களே" என்றார். கார்டு பொய் இல்லை. கேப் உடைந்தால் வேறு கேப் தருவதாகத்தான் அதில் எழுதியிருக்கிறது. உள்ளே இருக்கும் பல்லுக்கு எந்தக் கம்பெனியும் எழுதிக் கொடுக்க முடியாது. விளம்பரங்களில் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. வாரன்டி ஆண்டுகளைப் பார்த்துக் கேப்பைத் தேர்ந்தெடுக்கும்படி நோயாளியைத் தூண்டுவதை நாங்கள் நிறுத்த வேண்டும்.

சிர்கோனியா நல்ல பொருள். வளைக்கும் விசைக்கு அதன் தாங்குதிறன் 900 முதல் 1200 மெகாபாஸ்கல் வரை. லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான் சுமார் 400. பழைய பீங்கான் 100-ஐத் தாண்டாது. அதனால்தான் 1960-களிலிருந்து அதற்கு அடியில் உலோகத் தகடு வைத்துச் செய்தார்கள். முழு சிர்கோனியா கேப் எதிர்ப் பல்லைத் தேய்த்துவிடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. கண்ணாடி மாதிரி மெருகேற்றிய சிர்கோனியா தேய்ப்பது குறைவு. கடி சரியில்லை என்று வாயில் வைத்து உரசிவிட்டு, மறுபடி மெருகேற்றாமல் அனுப்பினால்தான் ஆபத்து. "கடி உயரமா இருக்குங்க" என்று சொல்லிச் சரிசெய்தபின், மெருகு போட்டீர்களா என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

ரூட் கெனால் செய்த பல்லில் வேருக்குள் ஒரு கம்பி வைப்பார்கள். போஸ்ட் என்று பெயர். கம்பி வைத்தால் பல் பலப்படும் என்று நோயாளிகள் நினைக்கிறார்கள். சில மருத்துவர்களும் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். கம்பி பல்லைப் பலப்படுத்தாது. மேலே கட்டும் சிமெண்ட் மேடு நிற்பதற்கு ஒரு பிடி, அவ்வளவுதான். அதை வைக்க வேருக்குள் இடம் தோண்டினால் வேர்ச் சுவர் மெலியும். தடித்த உலோகக் கம்பி, கடிக்கும் விசையை நேராக வேருக்குள் இறக்கி நெடுக்காகப் பிளந்துவிடும். அப்படிப் பிளந்த பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. டென்டின் அளவுக்கு வளைந்துகொடுக்கும் கண்ணாடி நார்க் கம்பியில் அந்த ஆபத்து குறைவு. சுவர் நன்றாக இருக்கும் கடவாய்ப் பல்லில் பெரும்பாலும் கம்பியே தேவைப்படாது.

அப்படியானால் அடைத்த பல்லுக்கெல்லாம் கேப் போட்டுவிடலாமே என்று தோன்றும். கூடாது. முழுக் கேப் போடுவதற்கு ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அரைத்து எடுக்க வேண்டும். நல்ல சுவர் உள்ள, உயிருள்ள பல்லை அப்படி அரைப்பது எனக்குச் சம்மதமில்லை. கடிக்கும் பரப்பின் முகடுகளை மட்டும் மூடும் ஆன்லே என்ற பாதிக் கேப் போதும். கேப்புக்குப் பணம் இல்லாதவர்களுக்கு, மெலிந்த முகடுகளை இரண்டு மில்லிமீட்டர் குறைத்து, அதன் மேல் காம்போசிட்டையே கனமாகப் போர்த்திக் கட்டலாம். கேப் அளவுக்கு இல்லாவிட்டாலும் பிளந்து போவதை அது தடுக்கும். "கேப் போட்டாத்தான் ஆச்சு, இல்லாட்டிப் புடுங்கீருங்க" என்று இரண்டே வழி மட்டும் சொல்லி அனுப்புவது ஏழைகளுக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் ரூட் கெனால் செய்த, சுவர் இழந்த கடவாய்ப் பல்லுக்கு முகடு மூடும் வேலை கட்டாயம். 2002-இல் அமெரிக்காவில் அக்விலினோ, கேப்லன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ரூட் கெனால் முடிந்து கேப் போடாத பற்கள், போட்ட பற்களைப்போல ஆறு மடங்கு வேகத்தில் பறிபோயிருந்தன. நம் ஊரில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். வலி தாங்காமல் ஓடிவந்து ரூட் கெனால் செய்கிறோம். வலி நின்றதும், "அறுப்பு முடியட்டும்", "பொங்கல் போகட்டும்", "லோடு இறக்கீட்டு வந்தர்றேன்" என்று கேப்பைத் தள்ளிப் போடுகிறோம். உள்ளே இருப்பது தற்காலிகச் சிமெண்ட். அது சில வாரத்துக்கு மட்டும் ஆனது. அது தேய்ந்து ஓரத்தில் கசியத் தொடங்கினால் எச்சிலில் உள்ள கிருமி வேர் வரை திரும்பப் போகும். ரே, ட்ரோப் இருவரும் 1995-இல் 1010 பற்களின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து, வேருக்குள் செய்த வேலையைக் காட்டிலும் மேலே மூடிய மூடியின் தரமே வேர் நுனியின் நலத்தை அதிகம் முடிவு செய்கிறது என்று எழுதினார்கள். செய்த ரூட் கெனால் வீணாகிப் பல்லும் பிளந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. கொடுத்த காசு வலிக்குப் போயிற்று, கொடுக்காத மீதியில்தான் பல் காப்பாற்றப்பட இருந்தது.

பால் கடவாய்ப் பல் தானே, விழத்தானே போகிறது என்று குழந்தைகளின் சொத்தையை விட்டுவிடாதீர்கள். அந்தப் பல் பத்து பன்னிரண்டு வயதுவரை இருந்து இடம் காக்க வேண்டும். அதற்குத் தயாராகக் கிடைக்கும் எஃகுக் கேப், பால் பல்லில் பெரிய அடைப்பைவிட நிலைத்து நிற்கும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நோர்னா ஹால் என்ற மருத்துவர், ஊசியும் அரவையும் இல்லாமல், சொத்தையின் மேலேயே அந்தக் கேப்பை அழுத்திப் பொருத்திக் கிருமிக்கு உணவு போகாமல் அடைத்துவிட்டார். 2007 முதல் வந்த ஆய்வுகள் அவர் வழியை உறுதி செய்தன. வெள்ளியாகத் தெரிகிறதே என்று தயங்காதீர்கள்.

சுவர் ஈறுக்குக் கீழேயே போய்விட்டால் என்ன செய்வது? சில பற்களில் ஈறையும் எலும்பையும் கொஞ்சம் இறக்கிவிட்டு இரண்டு மில்லிமீட்டரை வெளியே கொண்டுவரலாம். சில பற்களைக் கம்பி கட்டி மெல்ல மேலே இழுக்கலாம். இரண்டும் முடியாது என்றால் பிடுங்குவதே நேர்மை. நிற்காத பல்லின் மேல் ரூட் கெனால், கம்பி, கேப் என்று அடுக்கடுக்காகச் செலவு வைக்கும் மருத்துவத்தை நான் ஏற்கவில்லை. அந்தப் பணம் அவருடைய வாயில் இன்னும் காப்பாற்றக்கூடிய வேறு பற்களுக்குப் போக வேண்டும்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அரசு மருத்துவமனையில் பல் பிடுங்குவது எளிதாகக் கிடைக்கிறது. ரூட் கெனாலும் கேப்பும் அந்த அளவுக்குக் கிடைப்பதில்லை. சேகோ ஆலையிலும் விசைத்தறியிலும் கோழிப்பண்ணையிலும் கூலிக்கு நிற்கிறவருக்கு, தனியார் மருத்துவமனைக் கேப்பின் விலை பல நாள் கூலி. அதனால் முப்பது வயதிலேயே காப்பாற்றக்கூடிய கடவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் சாதாரண உலோகக் கேப்பாவது செய்து கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். அதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு பல் தொழில்நுட்பரும் அடிப்படைக் கருவிகளும் போதும். அதுவரை மேலே சொன்ன கல்லூரி மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்கிறார்கள். நாலைந்து நடை ஆகும். ஆனாலும் போங்கள்.

அடுத்த முறை கேப் பற்றிப் பேச்சு வரும்போது, எத்தனை வருடம் வரும் என்று கேட்பதற்கு முன், "சுவர் எவ்வளவுங்க மிச்சம் இருக்குது, ஈறுக்கு மேல ரெண்டு மில்லி நிக்குதுங்களா?" என்று கேளுங்கள். எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபிக்க மாட்டார். ரூட் கெனால் முடித்துவிட்டுத் தற்காலிகச் சிமெண்டோடு இந்த அவையில் உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது இருந்தால், இந்த வாரத்திலேயே போய் அதை மூடிக்கொள்ளுங்கள். உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.